'ச்சாவ்' சொல்லலாமா? கிராட்ஸ் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் திருப்பூர்க்காரன். இரண்டு வருடமாக ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில், இயந்திர வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் வேலை. எங்கள் டீம் லீடர் காலையில் 'செர்வுஸ்' என்றபடி உள்ளே வருவார், சாயங்காலம் எல்லாரும் 'ச்சாவ்' சொல்லிக் கிளம்புவோம். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமா ஒரு ஃபார்வர்டு போட்டார். 'ஸ்லாவ்' என்றால் அடிமை, ஒரு முழு இனத்துக்கே ஐரோப்பியர்கள் அடிமை என்று பெயர் வைத்தார்கள், 'ச்சாவ்' என்றால் 'நான் உன் அடிமை', 'செர்வுஸ்' என்றாலும் அதேதான், தன்மானமுள்ள தமிழன் இதைச் சொல்லலாமா என்று அதில் இருந்தது. என் பக்கத்து சீட்டில் இருப்பவர் ஸ்லோவேனியாவின் மரிபோரிலிருந்து வந்த பெண். நல்ல தோழி. காபி மெஷின் பக்கத்தில் நின்றிருந்தபோது விளையாட்டாக, 'உங்க இனத்தோட பேருக்கே அடிமைன்னுதான் அர்த்தமாமே' என்று கேட்டுவிட்டேன். 'அது தலைகீழ்' என்று மட்டும் சொல்லிவிட்டு கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான்கு நாளாகச் சரியாகப் பேசவில்லை. ஃபார்வர்டில் இருந்தது பொய்யா? அந்த இரண்டு சொற்களையும் இனிமேல் சொல்லலாமா? அவரிடம் என்ன சொல்வது?

பதில்: தம்பி, மாமா அனுப்பியதில் பாதி உண்மை. அந்தப் பெண் இரண்டே சொல்லில் சொல்லிவிட்டுப் போனது முழு உண்மை.

நான் 25 வருடமாக பிரெஞ்சிலிருந்தும் ஜெர்மனிலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன், அதனால் இந்தச் சொல் எனக்குப் பழைய எதிரி. பிரெஞ்சில் அடிமைக்கு 'எஸ்க்லாவ்', ஸ்லாவியருக்கு (ரஷ்யர், போலந்துக்காரர், பல்கேரியர், ஸ்லோவேனியர் எல்லாம் சேர்ந்த மொழிக் குடும்பத்து மக்கள்) 'ஸ்லாவ்'. இந்த இரண்டாவது சொல்லைப் பிரெஞ்சில் எழுதினால், ஆங்கிலத்தில் 'அடிமை' என்பதற்கு எழுதுகிற அதே ஐந்து எழுத்துதான், ஒரு புள்ளி மாறாது. ஒருமுறை ஒரு பதிப்பகத்துக்காக நான் சரிபார்த்த கைப்பிரதியில், 'பல்கேரிய மொழி அடிமை மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது' என்று கம்பீரமாக ஒரு வரி இருந்தது. மொழிபெயர்த்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனும் உங்களைப் போலத்தான், 'பாவம் சார், அவங்க வரலாறு அப்படி' என்றான். ஸ்வீடிஷ் மொழி இன்னும் மோசம், அங்கே இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்.

சரி, எது முதலில் வந்தது? பெயர்தான்.

அந்த மக்கள் பழங்காலத்தில் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் 'ஸ்லொவேனே'. இது 'ஸ்லொவோ' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலான மொழியறிஞர்கள் ஏற்கிற விளக்கம். 'ஸ்லொவோ' என்றால் சொல். (ஒலி ஒத்துப்போகிறதே என்று நம் 'சொல்'லோடு முடிச்சுப் போட்டு நீங்கள் ஒரு ஃபார்வர்டு கிளப்பிவிடாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.) ஆக 'ஸ்லொவேனே' என்றால் சொல்லுடையவர்கள், நமக்குப் புரிகிற மாதிரி பேசுகிறவர்கள். அப்படியென்றால் பேசத் தெரியாதவர்கள் யார்? மேற்கே இருந்த ஜெர்மானியர்கள்! அவர்களுக்கு ஸ்லாவியர் வைத்த பெயர் ஊமை என்று பொருள்படும் 'நேம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. இன்றும் போலந்துக்காரர் ஜெர்மனியை 'நியெம்ட்ஸி' என்கிறார், உங்கள் தோழியின் மொழியில் அது 'நெம்ச்சியா', ஹங்கேரியர் அதைக் கடன் வாங்கி ஜெர்மானியரை 'நேமெத்' என்கிறார்கள். அரபு மொழியில் ஆஸ்திரியாவுக்கே பெயர் 'நம்சா', அதுவும் இதே வேர்தான். நீங்கள் வாடகை கட்டிக்கொண்டு இருக்கிற நாடு அரபியில் ஊமைகள் நாடு, உங்கள் டீம் லீடருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

நம்மவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. முல்லைப்பாட்டில் பாசறைக்குள் அரசனுக்குக் காவல் நிற்கிற மிலேச்சர்களைப் பற்றி 'உடம்பின் உரைக்கும் உரையா நாவின்' என்று வருகிறது. உடம்பால் சைகை காட்டிப் பேசுகிறவர்கள், பேசாத நாக்கு உடையவர்கள். நம் மொழி தெரியாதவன் வாயிருந்தும் ஊமை. கிராட்ஸில் முதல் மாதம் நீங்கள் ரொட்டிக்கடையில் கையைக் காட்டி ரொட்டி வாங்கியிருப்பீர்களே, அந்தக் கதைதான்.

இனி அந்தப் பெருமையான பெயர் எப்படிக் கீழே இறங்கியது என்று பார்ப்போம். 6-ஆம் நூற்றாண்டில் இவர்கள் டான்யூப் நதியைக் கடந்து பைசாந்தியப் பேரரசுக்குள், அதாவது கிரேக்கம் பேசிய கிழக்கு ரோமப் பேரரசுக்குள், வரத் தொடங்கினார்கள். கிரேக்க வாய்க்கு ஒரு சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்ல' என்ற கூட்டு வராது, நடுவில் ஒரு 'க்' போட்டு 'ஸ்க்லாபெனோய்' என்று எழுதினார்கள். நாம் 'ஸ்கூலு'க்கு முன்னால் ஒரு 'இ' போட்டு 'இஸ்கூல்' என்கிற மாதிரி. அது லத்தீனுக்குப் போய் 'ஸ்க்லாவுஸ்' ஆனது. அப்போது அதற்கு அடிமை என்ற பொருள் இல்லவே இல்லை, ஒரு மக்களின் பெயர், அவ்வளவுதான்.

லத்தீனில் அடிமைக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது: 'செர்வுஸ்'. ஆனால் ரோமப் பேரரசு போய் பண்ணையார்கள் காலம் வந்தபோது அந்தச் சொல்லுக்குள் இருந்த ஆள் மாறிவிட்டான். குடும்பம், குடிசை, ஒரு துண்டு நிலம் எல்லாம் இருந்து, பண்ணையின் மண்ணோடு கட்டப்பட்டிருக்கிற குடியானவன்தான் இப்போது 'செர்வுஸ்'. அவனை நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றலாம், சந்தைக்கு ஓட்டிக்கொண்டுபோய் விற்பது வழக்கமில்லை. அப்படியென்றால் சந்தையில் விற்கப்படுகிறவனுக்கு என்ன பெயர்?

10-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அரசர்கள் முதலாம் ஹென்றியும் அவர் மகன் முதலாம் ஓட்டோவும் எல்பே நதிக்குக் கிழக்கே இருந்த ஸ்லாவியர்கள்மேல் திரும்பத் திரும்பப் படையெடுத்தார்கள். பிடிபட்டவர்கள் கூட்டம் கூட்டமாக விற்பனைக்கு வந்தார்கள். கிறிஸ்தவர்களை வேற்று மதத்தாருக்கு விற்கக் கூடாது என்று திருச்சபை தடை போட்டிருந்தது, இவர்களில் பலர் அப்போது கிறிஸ்தவர்கள் இல்லை, அதனால் வியாபாரிக்கு மனச்சாட்சித் தொந்தரவும் குறைவு. ஒரு வழி பிரான்ஸின் வெர்துன் வழியாக முஸ்லிம் ஸ்பெயினுக்குப் போனது. அந்த ஊர் வியாபாரிகள் ஆண் பிள்ளைகளை விதையடித்து நல்ல விலைக்கு விற்றார்கள் என்று கிரெமோனா ஆயர் லியுட்பிராண்ட் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். இன்னொரு வழி பிராகா, இன்றைய செக் நாட்டின் தலைநகர். 965-ஐ ஒட்டி அங்கே வந்த இப்ராஹிம் இப்னு யாகூப் என்ற பயணி, வியாபாரிகள் அந்த ஊரிலிருந்து வாங்கிப் போகும் சரக்குகளைச் சொல்லும்போது அடிமைகளையும் தகரத்தையும் மிருகத்தோலையும் ஒரே மூச்சில் சொல்கிறார். போலந்தின் க்னியெஸ்னோ பேராலயத்தில் 12-ஆம் நூற்றாண்டு வெண்கலக் கதவு ஒன்று இருக்கிறது, 18 காட்சிகள் வார்த்தது, அதில் ஒன்றில் பிராகாவின் ஆயர் அடல்பெர்ட் அந்நாட்டு ஆட்சியாளர் முன்னால் நின்று அடிமைகளை விடுவிக்கச் சொல்லி மன்றாடுகிறார். ஒரு நாட்டின் மிக முக்கியமான கோயில் கதவில் செதுக்கி வைக்கிற அளவுக்கு அது அவர்களுக்கு ஆறாத விஷயம்.

இப்படி இரண்டு மூன்று தலைமுறை சந்தையில் நிற்கிறவனெல்லாம் 'ஸ்க்லாவுஸ்' என்றால், பிறகு சந்தையில் நிற்கிறவனுக்குப் பெயரே 'ஸ்க்லாவுஸ்' ஆகிவிடாதா? ஆனது. ஜெர்மனில் 'ஸ்க்லாவெ', இத்தாலியனில் 'ஸ்கியாவோ', ஸ்பானிஷில் 'எஸ்க்லாவோ', போர்த்துகீசில் 'எஸ்க்ராவோ', டச்சில் 'ஸ்லாஃப்', ஆங்கிலத்தில் 'ஸ்லேவ்'. அரபிகள் தனியாக 'சகாலிபா' என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகரான கோர்தோபாவில் அந்த சகாலிபாக்கள் அரண்மனைக் காவலராகவும் படைத்தலைவராகவும் உயர்ந்தார்கள், கலீபா ஆட்சி சிதறியபோது அவர்களில் ஒருவரான முஜாஹித் டெனியா என்ற துறைமுகத்துக்கு அரசராகவே உட்கார்ந்துவிட்டார். (கிரேக்கத்தில் போர்க்கொள்ளையைக் குறிக்கும் ஒரு வினையிலிருந்துதான் 'அடிமை' என்ற பொருள் வந்தது, ஸ்லாவியர் பெயர் தற்செயலாக ஒலி ஒத்தது என்று வாதிடுகிற ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை.)

இதற்குப் பின்னால் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். 13-ஆம் நூற்றாண்டு முதல் ஜெனோவா, வெனிஸ் வியாபாரிகள் கருங்கடல் கரையில் தாத்தாரியர், சர்க்காசியர் என்று கிடைத்தவர்களையெல்லாம் வாங்கினார்கள், பத்திரத்தில் எல்லாரையும் 'ஸ்க்லாவுஸ்' என்றே எழுதினார்கள். 1444-இல் போர்த்துகலின் லாகோஸில் ஆப்பிரிக்கர்கள் 235 பேரைக் கரை இறக்கியபோது அவர்களும் 'எஸ்க்ராவோ'. அப்புறம் 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பக்கம் போரும் பஞ்சமுமாக ஊர்கள் அழிந்தபோது, பசிக்குத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் டச்சுக் கம்பெனிக்காரர்கள் வாங்கி, இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். கம்பெனிக் கணக்கில் அவர்களுக்கும் அதே சொல்தான், பன்மையில் 'ஸ்லாவன்'. காவிரிக் கரையில் பிறந்து ஸ்லாவியரைக் கனவில்கூடப் பார்த்திராத ஆட்களின் தலைக்கு மேல் அவர்கள் பெயரை எழுதினார்கள். காபி மெஷின் பக்கத்தில் நீங்கள் அடித்த ஜோக் யார் மேலெல்லாம் விழுகிறது என்று இப்போது தெரிகிறதா?

கோபப்படவில்லை தம்பி. இந்த ஜோக் உங்களுடையதும் இல்லை, ஆயிரம் வருடத்துப் பழசு. பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்காக எழுதிவைத்த அரசியல் கையேட்டில், செர்பியர் என்ற பெயர் 'செர்வுஸ்' என்பதிலிருந்து வந்தது, ரோமப் பேரரசருக்கு அடிமைகளாக இருந்ததால் அந்தப் பெயர், ஏழைகள் போடுகிற மட்டமான செருப்புக்கு 'செர்புலா' என்று சொல்வதும் அதனால்தான் என்று விளக்கம் கொடுத்திருக்கிறார். சுத்தப் புருடா. பக்கத்து நாட்டுக்காரனின் பெயருக்குள் ஒரு அடிமையைக் கண்டுபிடிப்பதில் பேரரசருக்கே அப்படி ஒரு ஆசை என்றால், உங்கள் மாமாவை என்ன சொல்ல.

ஸ்லாவியருக்கு மட்டும் இது நடக்கவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'வெயால்ஹ்' என்றால் அந்நியன், அதாவது தீவில் முன்பே இருந்த பிரித்தானியன். கொஞ்ச காலத்தில் அதே சொல்லுக்கு அடிமை என்ற பொருளும் வந்துவிட்டது. 'வெல்ஷ்', 'வேல்ஸ்' என்ற இன்றைய பெயர்கள் அதன் வாரிசுகள். வேல்ஸ்காரரிடம் போய் 'உன் பேருக்கு அடிமைன்னு அர்த்தமாமே' என்று கேட்டால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்போது 'ச்சாவ்' விஷயத்துக்கு வருவோம். இங்கே மாமா சொன்னது சரி. வெனிஸ் பேச்சில் 'ஸ்-சாவோ' என்றால் அடிமை, 'உங்கள் அடிமை' என்பது ஒருவரைப் பார்க்கும்போதும் விடைபெறும்போதும் சொல்கிற மரியாதை வாசகம். அவசர வாய் முன்னால் இருந்த 'ஸ்'ஸை விழுங்கி 'ச்சாவோ' ஆக்கிவிட்டது. நாம் 'வணக்கம்ணே' என்பதை 'ணக்கண்ணே' ஆக்கவில்லையா! 19-ஆம், 20-ஆம் நூற்றாண்டுகளில் அது வெனிஸிலிருந்து கிளம்பி இத்தாலி முழுக்கப் பரவி, ஜெர்மனுக்கும் செக்குக்கும் பல்கேரியனுக்கும், இத்தாலியர் குடியேறிய அர்ஜென்டினாவுக்கும் போய்ச் சேர்ந்தது. (வியட்நாமியர் சொல்கிற 'ச்சாவ்' வேறு சொல், இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள்.)

வெனிஸுக்கு எப்போதாவது போனால், கிராட்ஸிலிருந்து தூரமில்லை, சான் மார்க்கோ சதுக்கத்தை ஒட்டிய படகுத்துறையில் தெருப்பலகையைப் பாருங்கள். 'ரிவா தெல்யி ஸ்கியாவோனி'. அந்தப் பெயரைப் பார்த்து அடிமைச் சந்தைத் துறை என்று சொல்லிப் படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை, ஸ்லாவியர் துறை. அட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையான டால்மேஷியாவிலிருந்து சரக்கோடு வந்து படகு கட்டிய மாலுமிகளும் வியாபாரிகளும்தான் 'ஸ்கியாவோனி', 1451-இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள், அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. ஆக ஒரே ஊரில், ஒரே வேரிலிருந்து, ஒரு பக்கம் காசுள்ள கப்பல்காரன் 'ஸ்கியாவோனே', இன்னொரு பக்கம் அடிமை 'ஸ்கியாவோ', மூன்றாவதாக சிநேகிதனைப் பார்த்ததும் வாயில் வருகிற 'ச்சாவோ'. வெனிஸ்காரன் மூன்றையும் குழப்பிக்கொள்ளவில்லை.

'செர்வுஸ்' அப்பட்டமான லத்தீன் அடிமை. அதுவும் 'உங்கள் பணியாளன்' என்ற பணிவிலிருந்து தேய்ந்து வந்ததுதான். பவேரியா, ஆஸ்திரியா, ஹங்கேரி, திரான்சில்வேனியா எல்லா இடத்திலும் ஓடுகிறது. அடிமை வேர் இருக்கிற சொல்லே வேண்டாம் என்று மாமா சொன்னால், அவர் ஹோட்டலில் 'சர்வர், ஒரு செட் தோசை' என்று கூப்பிடக் கூடாது, ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விடக் கூடாது, ஏன், போலீஸ் சார்ஜென்ட்டைக்கூட அப்படிச் சொல்லக் கூடாது, எல்லாம் அந்த வேர்தான். 'ரோபோ'வும் விட வேண்டியதுதான். அது செக் எழுத்தாளர் கரேல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்துக்காக, அவர் அண்ணன் யோசெஃப் சொல்லி வைத்த பெயர், பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்புக்கான 'ரொபோத்தா'விலிருந்து வந்தது.

நம் வீட்டுக்குள்ளேயே பாருங்களேன். ஸ்ரீவைஷ்ணவர் வீட்டுக்கு ஃபோன் செய்தால் 'அடியேன்' என்றுதான் எடுப்பார்கள். நானும் நீங்களும் பள்ளிக்கூடத்தில் காய்ச்சலுக்கு லீவ் லெட்டர் எழுதி அடியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று போட்டவர்கள்தானே, அன்றைக்கு எவ்வளவு கீழ்ப்படிந்தோம் என்று ஆசிரியருக்குத் தெரியும்.

அதனால் இரண்டையும் தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் தோழியின் ஊரிலேயே 'ச்சாவ்' சொல்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், வெளிநாட்டில் நம் பிள்ளைகள் உண்மையில் சறுக்குகிற இடம் இதுதான். இரண்டுமே 'நீ, வா, போ' சொற்கள். டீம் லீடர் உங்களிடம் 'செர்வுஸ்' சொன்னால் திருப்பிச் சொல்லலாம். வீட்டு ஓனர் அம்மாவிடமோ, விசா அலுவலக அதிகாரியிடமோ சொன்னால் தாசில்தாரைப் பார்த்து 'என்னப்பா' என்ற மாதிரி. அவர்களுக்கு 'க்ரூஸ் காட்', கிளம்பும்போது 'அவுஃப் வீடர்சேன்'. இன்னொன்று, ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் 'ச்சாவ்' பெரும்பாலும் கிளம்பும்போதுதான், இத்தாலியில் வரும்போதும் உண்டு, போகும்போதும் உண்டு. அங்கேயும் வயதானவர்களுக்கு 'புவோன்ஜோர்னோ' என்பதுதான் அழகு.

கடைசியாக அந்தப் பெண். மேலே எழுதியதையெல்லாம் அவரிடம் ஒப்பித்துவிடாதீர்கள், தன் மக்களின் பெயர்க்கதையைப் பக்கத்து சீட்டுக்காரன் வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு வந்து இரண்டாவது தடவை சொல்லிக்கொடுப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். நாளைக்கே, காபி மெஷினிடம் வேண்டாம், அங்கே நாலு பேர் நிற்பார்கள், அவர் சீட்டிலேயே போய், 'நீ சொன்னதுதான் சரி, தலைகீழாகத்தான் சொல்லியிருக்கிறேன், ஒப்ரோஸ்தி' என்று சொல்லுங்கள். அவர் மொழியில் 'மன்னித்துவிடு' என்பதற்கு அதுதான். ஜோக்குக்கு விளக்கம் வேண்டாம், 'ஆனாலும்' வேண்டாம். அவராகப் பேச்சை எடுத்தால் மட்டும் நாகப்பட்டினத்துக் கதையைச் சொல்லுங்கள், அது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மாமாவுக்கு இந்தப் பதிலை அப்படியே அனுப்பிவிடலாம், படிக்க மாட்டார், தம்ஸ் அப் போடுவார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'ச்சாவ்' வேண்டாம்: ஊருக்கு ஃபோன் பேசி வைக்கும்போது. நான் பாரிஸிலிருந்து ஒரு தடவை பழக்க தோஷத்தில் அம்மாவிடம் அதைச் சொல்லி வைத்துவிட்டேன், 'போகும்போது என்னடா சாவுங்கறே' என்று அடுத்த நிமிஷம் திருப்பி அழைத்து அரை மணி நேரம் திட்டினார்.